முகத்தை மூடும் துணி: கண்புரை அறுவைக்கு முன் வந்த ஒரு பயம்

மேஜையில் படுக்க வைத்து, கண்ணைச் சுற்றி அயோடின் மருந்து தடவி, பச்சைத் துணியை முகத்தின் மேல் விரித்த நொடியில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்னைய விட்ருங்க" என்று அவர் சொன்னது மட்டும்தான் தியேட்டர் சிஸ்டருக்குக் கேட்டது. ஊசி போட்டுக் கண் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தது. கத்தி மட்டும் இன்னும் படவில்லை. இரத்த அழுத்தம் 206/112. டாக்டர் அறுவையை நிறுத்தி, இமை மூடாத கண் காய்ந்துவிடக் கூடாதென்று கட்டுப் போட்டு வார்டுக்கு அனுப்பினார். மறுநாள் காலை அவர் ஊருக்குப் போய்விட்டார். எட்டு வாரம் கழித்து மகனும் பேத்தியும் அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள்.

கண் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். முதல் முறை அவருக்கு எல்லாவற்றையும் விளக்கி, "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா" என்று சொல்லித் தியேட்டருக்கு அனுப்பியவள் நான்தான். இதை எழுத அதுதான் முதல் காரணம். அவருடைய சம்மதம் வாங்கியே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நோயாளி பற்றி

வயது 67. மதுரைக்கு மேற்கே மல்லிகை விளையும் ஒரு கிராமம். சிறுவயதிலிருந்து பூக்கட்டித்தான் பிழைப்பு. நாரில் கண்ணி போடக் கண் தேவையில்லை, விரலுக்கே தெரியும் என்பார். மொட்டு எது, விரிந்த பூ எது என்று பிரித்தெடுக்கத்தான் கண் வேண்டும். அதில்தான் ஒரு வருடமாகத் தடுமாற்றம். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. லாரி ஓட்டும் மகன் வீட்டில் இருக்கிறார்.

வலது கண்ணில் புரை முற்றி வெள்ளையாகியிருந்தது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஆடுவது தெரியும், விரல்களை எண்ண முடியாது. இடது கண் பார்வை 6/36, அதாவது நல்ல கண் 36 மீட்டரிலிருந்து படிப்பதை இவர் 6 மீட்டரில் நின்றுதான் படிப்பார். புரை மறைத்ததால் வலது கண்ணின் உள்பக்கம் தெரியவில்லை. ஸ்கேனில் பார்த்தபோது விழித்திரை தன் இடத்தில் ஒட்டியே இருந்தது. கண்ணீர்ப் பாதை, கண் அழுத்தம் இரண்டும் சரி. சர்க்கரை கிடையாது. இரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை.

எட்டு வாரம் அவர் வராமல் இருந்தது எனக்குக் கவலையாக இருந்தது. புரை நன்றாகப் பழுத்த பிறகு எடுத்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. முற்றிய புரையைப் போட்டு வைத்தால் அது உப்பலாம், கசியலாம். கண் அழுத்தம் திடீரென்று ஏறி நரம்பு கெட்டுப்போனால் பிறகு புரையை எடுத்தும் பார்வை திரும்பாது. ஆகவே பயம் தானாகத் தணியட்டும் என்று மாதக்கணக்கில் விட்டுவைக்க எங்களுக்கு வழியில்லை.

முதல் முறை நான் செய்தது

கண் பொம்மையைப் பிரித்துக் காட்டினேன். புரையை உடைத்து எடுப்பதையும் லென்ஸ் உள்ளே போவதையும் வீடியோவில் காட்டினேன். திரை முழுக்க ஒரே கண், அதற்குள் கூரான கருவி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் அதைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் மகன் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்: லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது, உடம்பு ஒத்துக்கொள்ளுமா, எத்தனை பேருக்குக் கெட்டுப்போகும்? கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் ஆபத்து ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்றேன். மகனின் முகம் தெளிந்துவிட்டது.

அம்மாவுக்கு அந்தக் கணக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இரண்டாவது முறை வந்தபோதுதான் தெரிந்தது. "ஆயிரத்துல ஒண்ணுன்னு சொன்னீகள்ல தாயி, அந்த ஒண்ணு நான்தான்னு மனசுக்குப் பட்டுப்போச்சு."

ஆறு கேள்விகள்

அறுவைக்கு முந்தைய பயத்தை அளக்க ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கி 1996-இல் வெளியிட்ட ஆறே வரிக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. மயக்க மருந்தைப் பற்றிக் கவலையா, அது அடிக்கடி மனசில் வருகிறதா, அதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசையா. அறுவையைப் பற்றியும் இதே மூன்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. நான்கு கேள்விகள் பயத்தை அளக்கும்: 4 முதல் 20. மிச்சம் இரண்டும் தகவல் தெரிந்துகொள்ளும் ஆசையை அளக்கும்: 2 முதல் 10. எத்தனையோ பேர் பயத்தை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுகிறார்கள். எனக்குத் தகவல் ஆசையைப் பற்றிய அந்த இரண்டு கேள்விகள்தான் பெரிதாகப் படுகின்றன.

இரண்டாவது வருகையில் பேச்சு வாக்கில், நம் ஊர்த் தமிழில், இந்தக் கேள்விகளைக் கேட்டேன். அம்மாவின் பயம் 17. தெரிந்துகொள்ளும் ஆசை 3. அதாவது பயம் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் விவரம் வேண்டாம். "என்ன செய்வாகன்னு சொல்லாதீக, கேட்டா ராத்திரி தூக்கம் வரல" என்று வெளிப்படையாகவே சொன்னார். மகனிடமும் கேட்டேன். ஆபரேஷன் அவருக்கு இல்லைதான். இருந்தாலும் அவருடைய ஆசை 10. ஒரே அறையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு நேர் எதிரான மருந்து தேவைப்பட்டது. முதல் முறை மகனுக்கான மருந்தை நான் அம்மாவுக்கும் சேர்த்துப் புகட்டியிருக்கிறேன்.

இந்தத் தடவை மகனைத் தனியாக அழைத்துப் போய் முக்கால் மணி நேரம் பேசினேன். லென்ஸ் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து, சில விமானிகளின் கண்ணுக்குள் பிளாஸ்டிக் சில்லுகள் தங்கிவிட்டதையும், கண் அவற்றை எதிர்க்காமல் இருந்ததை ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் கவனித்ததையும், 1949-இல் லண்டனில் அவர் முதல் செயற்கை லென்ஸ் வைத்ததையும் சொன்னேன். இன்று மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனம் லென்ஸ் செய்கிறது, 1992-இலிருந்து. கண்ணாடி உடைந்து லாரிக்குள் சிதறுவதைப் பார்த்த மனிதர் அவர். அந்தக் கதையைக் கேட்டபின் லென்ஸைப் பற்றி வேறு எதையும் கேட்கவில்லை. அம்மாவிடம் இதில் எதையும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்.

எந்த நிமிடம்?

"எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்று கேட்டபோது வந்த பதில் எங்களுக்குப் பழக்கமானது. கண்ணை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, கழுவி, திரும்ப வைப்பார்களாம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தன் கண்ணைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு, அதற்கும் துணிந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார் என்றால் அவர் தைரியத்தைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். கண் இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஒரு சின்ன வழியாகப் புரையை மட்டும் எடுக்கிறார்கள் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்தேன். அவர் "சரி தாயி" என்றார். ஆனால் நாடித் துடிப்பு குறையவில்லை. வாய் சொல்கிற பயம் ஒன்று, உடம்பு சுமக்கிற பயம் வேறு என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

அதனால் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டு, நேரத்தைக் கேட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் நாளை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டில் நுழைகிறீர்கள். டோக்கன் கொடுக்கிறார்கள். பாவை விரிய அரை மணி நேரம் சொட்டு மருந்து. ஊசி. ஊசியில் நிற்பார் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலோர் அங்கேதான் நிற்பார்கள். "அது போன தடவையே போட்டாச்சே, கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சாதாரணமாகத் தாண்டிவிட்டார். கண்ணைக் கையால் அழுத்துகிறார்கள். மேஜையில் படுக்க வைக்கிறார்கள். துணி போடுகிறார்கள். அங்கே கையை உருவிக்கொண்டார். தண்ணீர் கேட்டார். அதற்குமேல் பேசவில்லை.

அவர் சொல்லாததைப் பேத்திதான் நடையில் வைத்துச் சொன்னாள், அது பயத்தோடு சம்பந்தப்பட்டது என்று அவளுக்குத் தெரியாமலே. "அப்பத்தா மார்கழிப் பனியிலகூடப் போர்வையைக் கழுத்துக்கு மேல இழுக்காதுக்கா. நாங்க இழுத்துப் போத்திக்கிட்டா வந்து விலக்கிவிடும்."

மறுநாள் நான் கேட்காமல் அவரே சொன்னார். கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் டீ வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில் வெள்ளைத் துணி, முகத்தையும் சேர்த்து மூடி. யாரும் அவரிடம் சொல்லவில்லை. துணிதான் சொன்னது. "டீ சூடா கையில இருந்துச்சு தாயி. நான் துணிய விலக்கிட்டு அவுகளைக் கூப்பிடுறேன்." நம் வீடுகளில் முகத்தை மூடுவது எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். தியேட்டரில் அந்தப் பச்சைத் துணி இறங்கியபோது அவருக்கு அது ஆபரேஷன் துணியாக இருக்கவில்லை. முதல் முறை அவர் ஓடியதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது கோபம் வரும்.

என்ன வழி என்று பார்த்தோம்

மயக்க டாக்டரோடும் அறுவை செய்யும் டாக்டரோடும் பேசினேன். முழு மயக்கம் கொடுக்கலாம். அசையாமல் படுக்கவே முடியாதவர்களுக்கு அப்படிச் செய்வதும் உண்டு. 67 வயதில், ஏறி இறங்கும் இரத்த அழுத்தத்தோடு, பதினைந்து நிமிட வேலைக்கு அது பெரிய விலை. லேசான தூக்க மருந்து பற்றியும் யோசித்தோம். மயக்க டாக்டர் தயங்கினார். அரைத் தூக்கத்தில் இருப்பவர் துணிக்கடியில் திடுக்கிட்டு விழித்தால் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தலையைத் தூக்கிவிடுவார், அந்த நேரம் கண்ணுக்குள் கருவி இருக்கும். இந்த அம்மாவின் கதை தெரிந்த பிறகு எனக்கும் அது சரியாகப் படவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே விழித்திருப்பதுதான் அவருக்கு நல்லது என்று மூன்று பேரும் ஒத்துப்போனோம்.

துணியில்லாமல் செய்ய முடியாது. இமைமுடியும் தோலும் கிருமி உள்ள இடங்கள். அவற்றைக் கண்ணிலிருந்து பிரித்து வைப்பது அந்தத் துணிதான். எனவே துணி இருக்கும். அதனோடு அவரைப் பழக்க வேண்டும்.

பத்து நாள் வீட்டு ஒத்திகை கொடுத்தேன். பேத்தி பொறுப்பு. முதல் இரண்டு நாள் வேட்டித் துண்டு மார்புவரை மட்டும், மல்லாக்கப் படுத்து. பிறகு நெற்றியில். பிறகு இடது பாதி முகத்தில். பிறகு வலது கண் மட்டும் தெரிய, மிச்சமெல்லாம் மூடி. எந்தக் கட்டத்திலும் அவர் துணியை விலக்கலாம், விலக்கினால் தோல்வி இல்லை, அடுத்த முறை அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தேன்.

எவ்வளவு நேரம் படுத்திருந்தோம் என்பதை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு அவரே வழி கண்டுபிடித்தார். கடிகாரம் பார்க்க முடியாது, எண்களை எண்ணினால் மனசு நழுவுகிறது. மனசுக்குள் பூக்கட்டினார். ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், நார் சுற்று, கண்ணி, இழு. முதல் நாள் முழத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, துணியை எறிந்துவிட்டார். ஐந்தாம் நாள் பின்வாங்கினார். கனவில் கணவர் வந்தார் என்று அன்று ஒத்திகையே வேண்டாம் என்றிருக்கிறார். எட்டாம் நாள் போனில், "மூணு முழம் கட்டிட்டேன், அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிருமா?" என்று கேட்டார். முடிந்துவிடும் என்றேன்.

இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இப்படி வேலை செய்திருக்காது. அலை, தோட்டம், மலை என்று கற்பனை செய்யச் சொல்லும் ஒலிப்பதிவு எங்களிடம் இருக்கிறது. அவர் கடலையே பார்த்ததில்லை.

விவரம் வேண்டாம் என்றவருக்கு ஒன்றை மட்டும் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் என்ன செய்வார் என்பதை விட்டுவிட்டு, அவருக்கு என்ன தோன்றும் என்பதை மட்டும் சொன்னேன். சில்லென்று தண்ணீர் ஊற்றுவார்கள், காதோரம் வழியும். கண்ணில் ஒரு அழுத்தம் இருக்கும், வலி இருக்காது; இருந்தால் சொல்லலாம், மருந்து கூட்டுவார்கள். கருவியின் சத்தம் வரும், எல்லாம் சரியாக இருந்தாலும் வரும். வெளிச்சமும் கலர்களும் நகர்வது தெரியலாம். இந்தக் கடைசி விஷயத்தை எங்கும் விட்டுவிடக் கூடாது. கண் மரத்திருந்தாலும் நிறைய பேருக்கு வெளிச்சம், நிறங்கள், சிலருக்கு அசையும் உருவங்கள்கூடத் தெரியும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை, கத்தி தெரியப்போகிறது என்று மிரண்டுவிடுவார்கள்.

அந்தக் காலை

முந்தின நாள் வார்டிலேயே உண்மையான பச்சைத் துணியை அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். கண் இருக்கும் இடத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டியபோது அதற்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். "இது தொறந்துல்ல கெடக்கு" என்றார். இறந்தவர் மேல் போடும் துணியில் ஓட்டை இருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் இரத்த அழுத்தம் 168/92. மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ தாண்டினால் எங்கள் தியேட்டரில் எடுக்க மாட்டார்கள் என்பதால் எனக்கு அந்த எண்ணே பாதி நிம்மதி. ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழித்து 154/86. காத்திருக்கும் வரிசையில் அவர் பெயரை முதலில் வைக்கச் சொல்லியிருந்தேன். பசியோடும் பயத்தோடும் மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

ஒரு சிஸ்டர் துணிக்கு வெளியே அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு அழுத்து என்றால் இருக்கேன், இரண்டு என்றால் நிறுத்துங்க. கண்புரை அறுவையின்போது கையைப் பிடித்துக்கொள்வது பதற்றத்தைக் குறைக்கிறது என்று கொரியாவில் செய்த ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஆய்வு வேண்டுமென்று யாராவது கேட்டால் சொல்ல அது உதவுகிறது. துணி விரிக்கும் முன் டாக்டர் சொன்னார்: "அம்மா, துணி போடுறேன். மூக்குப் பக்கம் காத்துக் குழாய் இருக்கு. கண்ணுப் பக்கம் தொறந்துதான் இருக்கு." நாங்கள் பேசி வைத்த வார்த்தைகள். ஒன்றைக்கூட மாற்றாமல் சொன்னார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பதினான்கு நிமிடம். மூன்று முறை ஒற்றை அழுத்து. இரண்டு அழுத்து வரவே இல்லை.

வெளியே வந்ததும் நான் எதுவும் கேட்கும் முன், "ரெண்டே கால் முழம்" என்றார். நீலமும் சிவப்பும் தெரிந்ததாம், கிணற்றுக்குள் முங்கிக் கண்ணைத் திறந்து வெயிலைப் பார்த்ததுபோல.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது கருவிழியில் லேசான வீக்கம் இருந்தது, முற்றிய புரையில் இது எதிர்பார்த்ததே. பார்வை 6/24. ஒரு மாதத்தில் கண்ணாடியோடு 6/9. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை, பேத்தி அட்டையில் டிக் அடித்து வைத்திருந்தாள்.

இரண்டாவது கண்ணும் என் தவறும்

மூன்று மாதம் கழித்து இடது கண்ணுக்கு வந்தார். அதே ஆறு கேள்விகள். பயம் 7-க்கு இறங்கியிருந்தது. இப்போது தெரிந்துகொள்ளும் ஆசை 6. லென்ஸைக் கையில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒத்திகை தேவையில்லை என்றார், நானும் சரி என்றுவிட்டேன். பத்து நிமிடத்தில் பேசி முடித்து அனுப்பினேன்.

அறுவை நன்றாகவே நடந்தது. ஆனால் வெளியே வந்தவர் முகம் வாடியிருந்தது. "இந்தத் தடவை வலிச்சுச்சே தாயி. என்னமோ தப்பா போச்சோ?" அன்று இரவு முழுக்க அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறார், காலையில் கட்டுப் பிரிக்கும்வரை. எந்தத் தவறும் நடந்திருக்கவில்லை. பார்வை முதல் கண்ணைவிட நன்றாகவே இருந்தது.

இரண்டாவது கண்ணில் வலி கூடுதலாகத் தெரிந்தது என்று சொல்பவர்கள் நிறைய என்பது கண் மருத்துவத்தில் பலமுறை பதிவான விஷயம். முதல் முறை பயமே மனசை நிறைத்திருக்கும். அடுத்த முறை பயம் குறைந்து, நடப்பதைக் கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். இவர் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. இடது கண்ணின் புரை இளசு என்பதால் ஊசி போடவில்லை, சொட்டு மருந்து மட்டும். அதில் தொடுவதும் அழுத்துவதும் கூடுதலாகவே தெரியும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் எனக்கு முன்னமே தெரிந்தவை. பயம் 7 என்று தாளில் பார்த்தவுடன் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இப்போது எங்கள் தாளில் ஆறு கேள்விகளுக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். முகத்தின் மேல் துணி இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்பது ஒன்று. இன்னொன்று இரண்டாவது கண்ணுக்கு வருகிறவர்களிடம், எண் எதுவாக இருந்தாலும், நான் சொல்ல வேண்டியது: "போன தடவையைவிட இந்தத் தடவை கொஞ்சம் கூடத் தெரியும்மா. அப்படித் தெரிஞ்சா எதுவும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. கையை அழுத்துங்க, டாக்டர் மருந்து விடுவாங்க."